நெல்லைசெராஸ் ஐயம்பெருமாளி

செத்துப் பதினாறு கோடி ஆண்டுகளான ஒரு பிராணிக்குப் பொன்னாடை போர்த்த முடியுமா என்று கேட்டால், முடியும். திருநெல்வேலியில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஓர் உயராய்வு மையத்தின் தொல்லுயிரியல் துறையில் பதினான்கு முறை போர்த்தியிருக்கிறார்கள். பொன்னாடை பெரிது, பிராணி உள்ளங்கை அளவுதான். எனவே போர்த்திய பிறகு பிராணி தெரியாது. அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

பிராணியின் பெயர் அம்மோனைட். ஜுராசிக் காலத்துக் கடல்களில் வாழ்ந்தது. தூத்துக்குடிச் சந்தையில் விற்கிற கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரிச் சுருண்ட ஓடு. பிராணி அழிந்துபோய்விட்டது; ஓடு மட்டும் கல்லாகி மண்ணுக்குள் கிடக்கிறது. அரியலூரிலும் அம்மோனைட் கிடைக்கும், காலம் கொஞ்சம் பிந்தியது. ஆனால் அரியலூர் வெயில் துறைத் தலைவர் பேராசிரியர் ஐயம்பெருமாளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் அவர் தன் மாணவர்களைக் காந்திதாம் ரயிலில் ஏற்றிக் குஜராத்தின் கட்ச் பாலைவனத்துக்கு அனுப்பினார். அவர் போகவில்லை.

கட்ச்சிலிருந்து திரும்பும் மாணவர் மூட்டையைப் பிரிக்க வேண்டும். ஒரு கல்லை எடுத்து, இது உலகம் இதுவரை காணாத புதிய இனம் என்று அறிவிக்க வேண்டும். பிறகு அதற்குத் துறையின் பெரியவர் ஒருவரின் பெயரைச் சூட்ட வேண்டும். தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது அறிவியல் உலகில் நாகரிகம் இல்லை என்பதால் மாணவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். பெயர் சூட்டும் நாளில் கேசரி உண்டு, சந்தனம் உண்டு. எல்லா இனங்களும் அடங்கும் பேரினத்துக்கு நெல்லைசெராஸ் என்று பெயர்; செராஸ் என்றால் கிரேக்கத்தில் கொம்பு. கட்ச்சில் பிறந்து, கட்ச்சில் வளர்ந்து, கட்ச்சிலேயே மண்டையைப் போட்ட பிராணிக்குத் திருநெல்வேலி எப்படிச் சொந்த ஊராயிற்று என்று கேட்ட ஒரு மாணவர் இப்போது தென்காசிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.

முதலில் பெயர் பெற்றது நெல்லைசெராஸ் ஐயம்பெருமாளி. அடுத்து, மூத்த பேராசிரியர் ஞானசௌந்தரி பெயரில் ஒன்று. பிறகு பதிவாளர் மாரிராஜ், பதிவாளரின் மனைவி, நிதி அலுவலர், விடுதிக் காப்பாளர் என்று பதினான்கு வரை போயிற்று. இந்தப் பதினான்கும் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பரிணாமம் அடைந்தன என்பதைக் காட்டும் பெரிய வரைபடம் துறையின் சுவரில் மாட்டியிருந்தது. பூமியில் கீழ் அடுக்குதான் மூத்தது. ஆகவே முதலில் வரைந்த படத்தில் ஐயம்பெருமாளி மூதாதையாக அடியில் இருந்தது. ஐயம்பெருமாள் பார்த்தார். "ஏன் வே, நான் அடியிலயா?" என்று கேட்டார். அன்று மாலையே படம் தலைகீழாக மாட்டப்பட்டது. அதற்குப் பின் உதவிப் பேராசிரியர்கள் அடியிலும், இணைப் பேராசிரியர்கள் நடுவிலும், தலைவர் உச்சியிலுமாகப் பரிணாமம் ஒழுங்காக நடந்தது. யாருக்காவது பதவி உயர்வு வந்தால் அவருடைய பிராணியும் ஒரு கிளை மேலே ஏறியது.

இந்த இடத்துக்குத்தான் மேலப்பாளையத்து ஷஃபீகா முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் பட்டம் கைக்கு வந்தால் அந்த இடம் அவளுக்கு. வராவிட்டால் வேறு யாருக்கோ. வாப்பா இல்லாத வீடு. உம்மா ஷரீபா பீவி கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுத்துத்தான் அவளைப் படிக்க வைத்தாள். ஆகவே அந்த வேலை ஷஃபீகாவுக்கு வேண்டும். ஆசைக்கு இல்லை, சோற்றுக்கு.

அம்மோனைட்டிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அது வளர வளர ஓட்டைச் சுற்றிக்கொண்டே போகும், பழையதை உதறாது. கிழட்டு ஓட்டின் நடுவில் அதன் குழந்தைப் பருவ ஓடு அப்படியே இருக்கும். ஷஃபீகா பதினான்கு இனங்களிலும் வெளிச்சுற்றைப் பைய உரித்து உள்ளே பார்த்தாள். துறையில் அதுவரை யாரும் உள்ளே பார்த்ததில்லை. மேலே ஒட்டிய பெயரைத்தான் பார்த்திருந்தார்கள். உள்சுற்றுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. வரி, முடிச்சு, சுருளின் வேகம் எதிலும் வேறுபாடு இல்லை. கடைசிச் சுற்றில்தான் பிரிந்தன. சில பெரிதாகி வழவழப்பாயின. சில சிறிதாகவே நின்று, வாயோரத்தில் காது போல இரண்டு நீட்சிகளை வளர்த்துக்கொண்டன. எல்லாம் ஒரே அடுக்கில் கிடைத்தவை. பெரியது பெண், சிறியது ஆண் என்பது அம்மோனைட் படிக்கிறவர்கள் நெடுநாளாகக் கொண்டிருக்கும் கருத்து. மிச்சமிருந்தவை இவற்றின் குஞ்சுகள். நிதி அலுவலர் பெயர் கொண்டது பாறைக்கடியில் நசுங்கிப்போனது, அவ்வளவுதான். பதிவாளர் பெயரில் இருந்ததும் அவர் மனைவி பெயரில் இருந்ததும் ஒரே ஓடு உடைந்த இரண்டு பாதிகள். ஷஃபீகா சேர்த்து வைத்தபோது கச்சிதமாகப் பொருந்தின. வீட்டில் அவர்கள் அப்படிப் பொருந்தியதாகத் தகவல் இல்லை.

அவள் போய் ஐயம்பெருமாளிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஆராய்ச்சி என்றால் கண்டதைச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், பதினாலும் ஒரே இனம்தான் சார். ஆணும் பொண்ணும் குஞ்சுமா தனித்தனியாப் பேரு வச்சிருக்கோம்."

"அப்படியா? என் பேரு வச்சது எதும்மா?"

"அது நல்லா முதிர்ந்த பொண்ணு சார்."

ஐயம்பெருமாள் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஏம்மா, நான் இந்த மீசைய வச்சுக்கிட்டு நாப்பது வருசமா இந்த ஊர்ல நடமாடுதேன்."

"உங்களச் சொல்லல சார். ஓட்டச் சொல்லுதேன்."

"ஓடு வேற, நான் வேறயா? அதுல யாரு பேரு ஒட்டியிருக்கு?"

உடனே ஒரு பால் நிர்ணயக் குழு அமைக்கப்பட்டது. உடற்கல்வி இயக்குநர் தலைவர். நிதி அலுவலரும் விடுதிக் காப்பாளரும் உறுப்பினர்கள். மூன்று பேரும் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உடற்கல்வி இயக்குநர் ஒருமுறை முகர்ந்தும் பார்த்தார். மாலையில் தீர்மானம் வந்தது: "மேற்படி ஓட்டின் உரிமையாளரது பால் குறித்து ஐயம் எழுந்துள்ளதாலும், உரிமையாளர் நேரில் ஆஜராக இயலாத நிலையில் இருப்பதாலும், நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு அவர் ஆண் எனக் கருதப்படுவார்." இதற்குக் கீழே ஷஃபீகாவும் ஒப்புதல் தர வேண்டும் என்றார்கள்.

வீட்டில் உம்மாவுக்கு இது விளங்கவில்லை.

"அது ஆணா இருந்தா என்ன, பொண்ணா இருந்தா என்ன மவளே? செத்துப்போன சீவன். கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாரு."

"போடலாம் உம்மா. அப்ப நான் இத்தன வருசம் ராவும் பகலும் கண்ணு எரிய எரியப் பாத்தேனே, அது என்னது?"

ஷரீபா பீவி அரிசியைக் களையத் தொடங்கினாள்.

மறுநாள் ஷஃபீகா கையெழுத்துப் போட மறுத்தாள். மறுத்ததோடு, தன் அறியாமையால், ஒரு விதியையும் சொல்லிவிட்டாள். "ஒரே உயிருக்குப் பல பேரு விழுந்துட்டா, முதல்ல அச்சுல வந்த பேருதான் நிக்கும் சார். மத்தது எல்லாம் செல்லாது. உலகம் பூரா இதான் சட்டம்."

ஐயம்பெருமாள் கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல வந்தது யாரு பேரு?"

"உங்க பேரு சார்."

"அப்ப ஞானசௌந்தரி பேரு?"

"செல்லாது சார்."

"நம்ம பதிவாளர்?"

"ரெண்டு பாதியும் செல்லாது சார்."

அவர் மணியடித்து ஷஃபீகாவுக்குத் தேநீர் வரவழைத்தார். அந்த அறையில் ஒரு மாணவி உட்கார்ந்து தேநீர் குடித்தது அதுவே முதல் தடவை.

அடுத்த வாரம் மகளிர் தினம் வந்தது. ஐயம்பெருமாள் மேடையேறினார். "பெண்மை என்ன இழிவா? நம் தாமிரபரணி பெண். என் தாயார் பெண். என் மனைவிகூடப் பெண்தான். என் பெயர் தாங்கிய அந்த ஜுராசிக் ஓடும் பெண் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். அந்தக் கடலில் என்னைத் தவிர வேறு யாருமே இல்லை என்பது இன்று அறிவியல்பூர்வமாக நிரூபணம் ஆகியிருக்கிறது!" பால் நிர்ணயக் குழு மீண்டும் கூடியது. நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு உரிமையாளர் பெண்ணாகக் கருதப்பட்டார். உடற்கல்வி இயக்குநர் இந்த முறை முகரவில்லை.

இப்போது மற்றவர்களுக்குத் தீப்பிடித்தது. ஞானசௌந்தரி ஷஃபீகாவைத் தனியே கூப்பிட்டார். பாளையங்கோட்டையில் மரியாதைப்பட்ட குடும்பத்தவர். கோபத்திலும் குரல் உயராது.

"நீ பொம்பளப் பிள்ளையாச்சேன்னு உன்னைய நான் எவ்வளவு ஆதரிச்சிருப்பேன். எம் பேருல உள்ளது என்னன்னு சொல்லுத?"

"சின்னது மேடம். ஆணு."

"அதுகூடப் பரவால்ல. ஆனா அந்தாளு பேருக்குள்ள நான் அடக்கம்னு சொல்லுதியே, அத எப்படிம்மா தாங்குவேன்? பதவி உயர்வுல என்னைய அமுக்குனான், பொறுத்தேன். இப்ப ஜுராசிக்லயும் அமுக்குதான். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் என்னத்தக் காட்டுவேன்?"

பதிவாளர் மாரிராஜ் கண்ணீரெல்லாம் விடவில்லை. அவர் நிர்வாகி. "இந்தாம்மா, உண்மைய நான் குறை சொல்லல. உண்மைக்கு உண்டான இடத்துல உண்மை இருக்கட்டும். தரமதிப்பீட்டுக் குழுவுக்குப் பதினாலு புது இனம் கண்டுபிடிச்சோம்னு எழுதிக் குடுத்து உயர்ந்த தரம் வாங்கியிருக்கோம். நீ வந்து ஒண்ணுன்னா, பதிமூணு இனத்த ஒரே நாள்ல அழிச்சவளா ஆயிருவ. அந்தப் பிராணிய அழிச்சதுக்கு எரிமலையச் சொல்லுதாங்க, எரிகல்லச் சொல்லுதாங்க. கடைசில பாத்தா நீதான்."

இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு பக்கம் தலைவர், உண்மை தனக்கு லாபம் என்பதால் உண்மையின் பக்கம் நிற்கிறார். மறுபக்கம் மற்ற எல்லோரும், உண்மை தங்களுக்கு நட்டம் என்பதால் எதிர்க்கிறார்கள். ஓட்டை யாரும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்தது, கையை நீட்டினால் எட்டும். பதினாறு கோடி ஆண்டு காத்திருந்த ஒரு பொருளை ஒரு நிமிடம் குனிந்து பார்க்க அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் முதுகு வளையவில்லை.

மே மாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. எல்லோருக்கும் திறந்த தேர்வு என்பதால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். மதியச் சாப்பாடு மாணவர் பொறுப்பு. இது எந்த விதியிலும் இல்லை, எல்லாத் துறையிலும் உண்டு. "மேலப்பாளையம் பிரியாணின்னா தனிதானம்மா" என்று ஐயம்பெருமாள் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார். ஷரீபா பீவி விடியுமுன் எழுந்து தன் கையால் ஆக்கினாள். வெளித்தேர்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். இரவு ரயிலுக்கு ஒரு பொட்டலம் தனியாகக் கட்டச் சொல்லி, வந்ததும் வராததுமாக அவர் வைத்த கோரிக்கையும் நிறைவேற்றப்பட்டது. உம்மா கடைசி வரிசையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

காலை அமர்வு பிரமாதமாக நடந்தது. ஷஃபீகா ஓடுகளை வரிசையாக வைத்து, உரித்த உள்சுற்றுகளைத் திரையில் காட்டினாள். ஐயம்பெருமாள் நாலு முறை கைதட்டினார். ஞானசௌந்தரி கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எதற்கும் ஷஃபீகா தடுமாறவில்லை. வெளித்தேர்வாளர் தலையாட்டினார், வாசல் பக்கத்திலிருந்து வந்த பிரியாணி வாசனைக்கும் ஆட்டியிருக்கலாம். பட்டம் கிடைத்துவிட்டது என்றே உம்மாவுக்குப் பட்டது.

பிறகு சாப்பிடப் போனார்கள்.

ஷஃபீகாவும் உம்மாவும் பரிமாறினார்கள். அவர்கள் காது கேட்கத்தான் எல்லாம் நடந்தது. துணைவேந்தர் பதவிக்குப் பேர் அனுப்ப வேண்டிய நேரம் அது. பதிவாளர் எலும்பைக் கடித்தபடி தொடங்கினார். "அண்ணாச்சி, உங்க பேர நாங்க ஒருமனதா அனுப்புதோம். நீங்க இந்தப் பதினால அப்படியே விட்டுருங்க."

"எனக்கு முதல் பேருன்னு ஒரு மரியாத இருக்குல்லா வே."

"துணைவேந்தர் ஆயிட்டா கடலயே உங்க பேருக்கு எழுதிரலாம். மேடம் அடுத்த துறைத் தலைவர். என்ன மேடம்?"

ஞானசௌந்தரி தயிர்ப் பச்சடியைக் கலக்கியபடி, கர்த்தருக்குச் சித்தமானால் ஆகட்டும் என்றார்.

"சென்னை அண்ணாச்சிக்கு?" என்று ஐயம்பெருமாள் வெளித்தேர்வாளரைக் காட்டிக் கேட்டார்.

"அவர் பேருல பதினஞ்சாவதா ஒண்ணு போட்டாப் போச்சு" என்றார் பதிவாளர். " அடுத்த பையன் கட்ச் போவும்போது கொண்டாந்துருவான்."

வெளித்தேர்வாளர் வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் தால்ச்சா கேட்டார். ஷரீபா பீவி ஊற்றினாள். ஊற்றுவது யார் என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பது அவர்கள் வழக்கமும் இல்லை.

பிற்பகல் அமர்வு தொடங்கியதும் ஐயம்பெருமாளே எழுந்தார். "அறிவியலில் அவசரம் ஆகாது. ஒற்றுமைதான் முக்கியம். பதினான்கு இனங்களும் தனித்தனி என்பதே இந்தத் துறையின் நிலைப்பாடு. மாணவி, எல்லாம் ஒரே இனம் என்று சொல்லும் நான்காம் இயலை நீக்கிவிட்டு இங்கேயே ஒப்புதல் சொன்னால், இந்த நிமிடமே பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜூன்ல உனக்கு வேல இருக்குல்லா? சொல்லிரும்மா. ஒரு வார்த்ததான?" என்றார்.

ஷஃபீகா மேசையிலிருந்த ஓடுகளில் ஒன்றைக் கையில் எடுத்தாள். பேசத் தொடங்கியபோது அவளுக்கு அழுகை வந்தது. அது கோபத்தில் வந்த அழுகை.

"சார், காலையில கைதட்டுனீங்க. இப்ப இல்லன்னு சொல்லுதீங்க. இடையில இந்த ஓடு மாறல சார். நீங்க சோறுதான் தின்னுட்டு வந்திருக்கீங்க."

"ஏம்மா, மரியாதையா..."

"மரியாதையாத்தான் சொல்லுதேன். நான் பொய் சொன்னா எனக்கு வேல கெடைக்கும். உண்மையச் சொன்னா உங்க பேரு நிக்கும். என் உழைப்பு, என் உம்மா அடுப்புல வெந்தது, எல்லாத்தையும் கொட்டிக் கடைசில உங்க பேரத்தான் நான் நட்டு வச்சிருக்கேன். அதுதான் எனக்கு வயிறு எரியுது. இத மாத்த எனக்கு ஒரு வழி இருந்தா மாத்தியிருப்பேன். இல்ல. இது ஒரே இனம். இதுக்குப் பேரு நெல்லைசெராஸ் ஐயம்பெருமாளி. நான் எதையும் நீக்க மாட்டேன்."

ஐயம்பெருமாள் தலை குனிந்தாரா என்றால், இல்லை. சட்டைக் கையில் பட்டிருந்த தால்ச்சாவைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஷரீபா பீவி எழுந்து வந்தாள். நேரே வெளித்தேர்வாளரிடம் போய்க் கையை நீட்டினாள்.

"அந்தப் பொட்டலத்தக் குடுங்க."

"எதும்மா?"

"ரயிலுக்குக் கட்டுனது. அது பரீட்சை வைக்க வந்தவருக்குக் கட்டுனேன். யாவாரம் பேச வந்தவருக்கு இல்ல."

அவர் கொடுத்துவிட்டார். தாயும் மகளும் காலிச் சட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஜூனில் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். தற்காலிக வேலையும் போயிற்று. ஷஃபீகா வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலிலிருந்து பதிவு செய்தாள். நான்காம் இயலை மட்டும் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். அவர்கள் ஓட்டைப் பற்றி நிறையக் கேள்விகள் கேட்டார்கள். யார் மனைவி, யார் பதிவாளர் என்று கேட்கவில்லை. கட்டுரை வெளிவந்தது. உலகம் அந்த இனத்துக்கு ஒரே பெயரை ஏற்றுக்கொண்டது.

செய்தி கிடைத்ததும் மையம் விழா எடுத்தது. பதினான்கு தனித்தனி இனங்கள் என்ற நிலைப்பாடு மாறவில்லை. ஐயம்பெருமாளின் பெயரை உலகமே ஏற்றதற்குப் பாராட்டு விழா மட்டும் தனியாக நடந்தது. அப்போது அவர் துணைவேந்தராகியிருந்தார். விழாவுக்கு முந்தின வாரம் துறையிலிருந்து ஷஃபீகாவைக் கைபேசியில் கூப்பிட்டார்கள். வண்ணார்பேட்டையில் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கப்போவதாகவும், சாரின் படத்துக்குப் பக்கத்தில் போட அந்த ஓட்டின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்றும், அவள் பெயரைப் போட இடம் இல்லை என்றும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தானே இணையத்தில் தேடிச் சுருளாக இருந்த ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் ஏறுகிற சாதாரண நத்தை அது. பச்சை இலைமேல் இரண்டு கொம்புகளையும் நீட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. விழா அன்று ஐயம்பெருமாள், ஞானசௌந்தரி, மாரிராஜ், சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினராக வந்த அதே வெளித்தேர்வாளர் எல்லோரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது.

ஷஃபீகாவின் வாய்மொழித் தேர்வு அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் அத்தனை பேரும் அந்தப் படத்தில் இருந்தார்கள். மாணவிக்கு அம்மோனைட்டை அடையாளம் காணத் தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தது.